பாய்காட்: மனக்குமுறலுக்குக் கிடைத்த ஒரு சொல்

 

பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். கடாரம் வென்ற சோழன் கதையை எழுதலாமா, ரப்பர் விதை இந்த நாட்டுக்கு வந்த கதையை எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்துக் கொண்டிருந்தேன். அந்த யோசனையையெல்லாம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரே கேள்வியில் கலைத்துவிட்டான்.

அன்று ஆங்கிலப் பாடம். கடைசி வரிசையில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்னப்பா, ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார்" என்றான். சற்று நேரம் கழித்து அவனே கையைத் தூக்கினான். "சார், வயித்தெரிச்சலுக்கு இங்கிலீஷ்ல என்னா சார்?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விடைதான் வரவில்லை. 'ஆங்ரி' என்று சொல்லிப் பார்த்தேன். "அது கோவம் சார். இது கோவம் இல்ல. நாம சரியாத்தான் செஞ்சிருப்போம். ஆனா நம்மள விட்டுட்டு வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அப்ப உள்ளுக்குள்ள எரியும் இல்ல, அது" என்றான்.

அவன் அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கேள்வி என்னை அகராதியிடம் அனுப்பியது. அகராதி என்னை அயர்லாந்துக்கு அனுப்பியது. அங்கே நான் படித்தறிந்த கதைதான் இந்தக் கட்டுரை.

குமுறலுக்கு எத்தனை பெயர்

அநியாயம் செய்யப்பட்டவன் மனத்தில் உண்டாகும் எரிச்சலுக்கு நம் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. மனத்தாங்கல், மனக்குறை, ஆதங்கம், குமுறல், பொருமல், ஆற்றாமை, வயிற்றெரிச்சல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'ரிசென்ட்மென்ட்' என்று ஒரு சொல். இது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. நடந்ததைத் திரும்பவும் திரும்பவும் மனத்துக்குள் உணர்வது என்பது அதன் அடிப்படை. உண்மைதானே! அடி விழுந்தது ஒரு தடவை. நினைப்பது நூறு தடவை.

இன்னொரு சொல் 'கிரீவன்ஸ்'. தொழிற்சங்கத்தோடு பழகியவர்களுக்கு இது தெரிந்த வார்த்தை. இதன் வேர் லத்தீன் மொழியில் பாரம், கனம் என்று பொருள்படும் சொல். நாமும் 'மனசு பாரமா இருக்கு' என்றுதான் சொல்கிறோம். ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் இருந்த இரண்டு மக்களுக்கும் அநியாயம் என்பது ஒரு சுமையாகத்தான் தோன்றியிருக்கிறது!

'ஸ்ட்ரைக்' என்ற சொல்லின் கதையும் சுவையானது. கப்பலின் பாயை இறக்குவதற்கு ஆங்கில மாலுமிகள் 'ஸ்ட்ரைக்' என்பார்கள். 1768-ஆம் ஆண்டில் லண்டன் துறைமுகத்தில் கூலி போதவில்லை என்று மாலுமிகள் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இறங்கினால் கப்பல் நகராது. அதிலிருந்துதான் வேலைநிறுத்தத்திற்கு அந்தப் பெயர் வந்தது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்த சொல் 'பாய்காட்'. தமிழில் புறக்கணிப்பு என்கிறோம். ஒரு காலத்தில் பகிஷ்காரம் என்று எழுதினார்கள். மலாய்க்காரர்கள் 'மெமுலாவ்கான்' என்பார்கள். 'பூலாவ்' என்றால் தீவு என்று மாணவர்களுக்குத் தெரியும். ஓர் ஆளைச் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த தீவாக்கி விடுவதுதான் அதன் பொருள். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

'பாய்காட்' என்பது முதலில் ஒரு மனிதரின் பெயர். அவர் ஒரு துரை.

குத்தகைக் குடிகளின் நாடு

அயர்லாந்து இங்கிலாந்துக்குப் பக்கத்திலே இருக்கும் ஒரு தீவு. 19-ஆம் நூற்றாண்டில் அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. நிலமெல்லாம் பிரபுக்கள் கையில். உழுதவர்கள் குத்தகைக் குடிகள். பல பிரபுக்கள் அந்த ஊரிலேயே இருப்பதில்லை. எங்கோ ஒரு மாளிகையில் இருந்துகொண்டு, குத்தகைப் பணத்தை வசூலித்து அனுப்ப ஒரு ஏஜெண்டை வைத்திருப்பார்கள். நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னால், கம்பெனி லண்டனில், மேனேஜர் துரை பங்களாவில் என்பது மாதிரி.

குடியானவன் சதுப்பைத் திருத்தி, கல்லைப் பொறுக்கி, நிலத்தைப் பண்படுத்தினால் குத்தகை ஏறும். குத்தகை கட்ட முடியாவிட்டால் வீட்டைவிட்டு வெளியே போகவேண்டும். அளவுக்கு மீறி உயர்த்திய குத்தகைக்கு 'ரேக் ரென்ட்' என்று ஒரு பெயர் வழங்கியது. 'ரேக்' என்பது ஆளைக் கட்டி வைத்துக் கையையும் காலையும் இழுக்கும் சித்திரவதைப் பலகை. அந்தக் குத்தகையின் பெயரிலேயே குடியானவனின் முனகல் கேட்கிறதல்லவா?

1845-ஆம் ஆண்டு அந்த நாட்டின் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. கிழங்கே உணவாக இருந்த ஏழைகளுக்கு அது எமனாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறிப் பிழைக்கப் போனார்கள். பஞ்சம் பிழைக்கக் கப்பலேறிய முன்னோரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மைக்கேல் டேவிட் என்ற சிறுவனின் கதையை நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும். 1846-இல் மேயோ மாவட்டத்தில் பிறந்தவர். நான்கு வயதில் அவர் குடும்பம் வீட்டிலிருந்து துரத்தப்பட்டது. இங்கிலாந்தின் லங்காஷயருக்குப் போய்ப் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 11 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கை போயிற்று. கை போனதால் ஆலைக்குப் போக முடியவில்லை. அதனால் பள்ளிக்கூடத்துக்குப் போனார்! அப்படிப் படித்த அந்த ஒற்றைக் கை மனிதர்தான் 1879-ஆம் ஆண்டு அக்டோபரில் நிலக் கழகம் என்னும் லாண்ட் லீக் தோன்றக் காரணமாக இருந்தார். நியாயமான குத்தகை வேண்டும், துரத்தக் கூடாது, முடிவில் உழுபவனுக்கே நிலம் சொந்தமாக வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகள். சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அதன் தலைவரானார்.

ஏரிக்கரைத் துரை

அதே மேயோ மாவட்டத்தில் லாக் மாஸ்க் என்று ஓர் அழகான ஏரி. அதன் கரையில் ஏர்ன் பிரபுவுக்கு நிலம் இருந்தது. அந்த நிலத்துக்கு ஏஜெண்டாக இருந்தவர் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். 1832-இல் இங்கிலாந்தின் நார்போக்கில் பிறந்தவர். கொஞ்ச காலம் படையில் இருந்தவர் என்பதால் ஊரார் 'கேப்டன்' என்று அழைத்தார்கள். பிரபுவின் குத்தகையை வசூலித்ததோடு, அவரும் அங்கே பெரிய பண்ணை வைத்து விவசாயம் செய்தார்.

பாய்காட் ஒரு அரக்கர் என்று நான் எழுத மாட்டேன். கொலை செய்தவர் அல்ல, கொள்ளையடித்தவர் அல்ல. சட்டம் என்றால் சட்டம் என்று நிற்கும் ஆள். கேட்டைத் திறந்து போட்டால் அபராதம், கோழி தம் நிலத்துக்குள் புகுந்தால் அபராதம் என்று குடிகள் குறைப்பட்டார்கள். இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்வதுதான் பெரிய குமுறலாகிறது. ஒரு வீட்டில் ஒருவன் முணுமுணுத்தால் அது புலம்பல். ஊரே முணுமுணுத்தால் அது வரலாறு.

1879-இல் விளைச்சல் கெட்டுப்போனது. ஏர்ன் பிரபு குத்தகையில் நூற்றுக்குப் 10 தள்ளுபடி கொடுத்தார். 1880-இல் குடிகள் நூற்றுக்கு 25 தள்ளுபடி கேட்டார்கள். பிரபு மறுத்துவிட்டார். குத்தகை கட்டாதவர்களை வெளியேற்றுவதற்குப் பாய்காட் நீதிமன்றத்தை நாடினார்.

எனிஸ் கூட்டத்தில் ஒரு கேள்வி

அந்த நாளில் இப்படிப்பட்ட குமுறலுக்கு அயர்லாந்தில் ஒரு பழைய வடிகால் இருந்தது: இருட்டு, துப்பாக்கி. 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி எனிஸ் என்ற ஊரில் பார்னெல் பேசினார். ஒரு குடியானவனை வெளியேற்றிய நிலத்தை இன்னொருவன் போய்க் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்வது என்று கூட்டத்தைக் கேட்டார். "சுட்டுத் தள்ளு!" என்று குரல் எழுந்தது. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது என்றார் பார்னெல். சாலையில் கண்டால் பேசாதீர்கள், கடையில் கண்டால் விலகுங்கள், சந்தையிலும் சரி, கோவிலிலும் சரி, அவனைத் தனியே விட்டுவிடுங்கள். அவன் செய்த குற்றத்தை அவனே உணரட்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இது வெறும் மேடைப் பேச்சு என்று எண்ண வேண்டாம். அதே மாதம் 25-ஆம் தேதி, லாக் மாஸ்க் பக்கத்திலேயே மவுண்ட்மோரிஸ் பிரபு என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வட்டாரம், ஒரே வாரம், ஒரே குமுறல். ஒரு வழி துப்பாக்கியாகப் போயிற்று. இன்னொரு வழி என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

வெறிச்சோடிய பண்ணை

செப்டம்பர் 22-ஆம் தேதி வெளியேற்றும் நோட்டீசுகளை எடுத்துக்கொண்டு நீதிமன்றச் சேவகன் போலீஸ் காவலோடு வந்தான். சில வீடுகளில் கொடுத்தும் விட்டான். அதற்குள் செய்தி பரவியது. யார் வந்து தடுத்தார்கள் தெரியுமா? பெண்கள்! சேற்றையும் சாணத்தையும் அள்ளி வீசினார்கள். சேவகனும் போலீசும் பாய்காட்டின் வீட்டுக்குள் போய்ப் பதுங்கும்படி ஆயிற்று.

மறுநாள் ஊரார் திரண்டு வந்து, பண்ணையாட்களையும் வீட்டு வேலைக்காரர்களையும் வேலையைவிட்டுப் போகச் சொன்னார்கள். சிலர் மனமொப்பிப் போனார்கள். சிலர் ஊருக்குப் பயந்து போனார்கள். கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்கவில்லை. சலவைக்காரி துணி எடுக்கவில்லை. கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. கடிதம் கொண்டு வரவும் ஆள் இல்லை. வயலில் கிழங்கும் தானியமும் விளைந்து கிடக்கின்றன. அறுக்க ஒரு கை இல்லை. பாய்காட்டும் அவர் மனைவியும் உறவுப் பிள்ளைகளும் தாங்களே மாட்டுக்குத் தீனி போட்டார்கள்.

ஒருவரும் அவரை அடிக்கவில்லை. அவர் வீட்டைக் கொளுத்தவும் இல்லை. அவர் சொன்னதைக் கேட்க மட்டும் ஆளில்லாமல் போயிற்று. ஆணையிட்டே பழகியவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை என்ன?

அக்டோபர் மாதம் பாய்காட் தம் நிலைமையை விவரித்து லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 18-ஆம் தேதி அது வெளியாயிற்று. பாருங்கள், துரைக்கும் ஒரு குமுறல் இருந்தது! அவருக்கு எழுதத் தெரிந்தது, எழுதியதை அச்சிடப் பெரிய பத்திரிகையும் இருந்தது. ஏரிக்கரைக் குடியானவனுக்குப் பத்திரிகை ஏது? அவனுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது.

பாதிரியார் தேடிய சொல்

அந்த வட்டாரத்தின் பாதிரியார் ஜான் ஓமாலி. நிலக் கழகத்துக்கு வேண்டியவர். அங்கே வந்திருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் ஒரு நாள் அவரோடு சாப்பிட உட்கார்ந்தார். சாப்பாடு இறங்கவில்லை. என்னவென்று பாதிரியார் விசாரித்தார். ஒரு வார்த்தைக்காகத் தவிக்கிறேன் என்றாராம் ரெட்பாத். ஊரார் ஒரு நிலக்கிழாரை ஒதுக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்ட்ரசிசம்' என்ற சொல் உண்டு. பழைய கிரேக்க நாட்டில் பானை ஓட்டில் பெயர் எழுதி ஆளை நாடு கடத்திய வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. படித்தவனுக்குப் புரியும், ஏர் பிடிப்பவனுக்குப் புரியுமா? புரியாது என்று பாதிரியாரும் ஒப்புக்கொண்டார். சற்று யோசித்துவிட்டு, அந்த ஆளுக்குப் 'பாய்காட்' செய்வது என்று சொன்னால் என்ன என்று கேட்டார். இதை ரெட்பாத் தாமே பின்னாளில் எழுதி வைத்தார்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். படிப்பிக்கும் தொழிலில் இருப்பவனுக்கு இது பெரிய பாடம். அந்தப் பாதிரியார் அகராதியில் உயர்ந்த சொல்லைத் தேடவில்லை. தம் மக்கள் வாயில் நுழையும் சொல்லைத் தேடினார். துரையின் பெயரை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு என்ன நடந்தது என்பதும் தெரியும். விளக்கவுரையே வேண்டாத சொல்! நவம்பர் மாதமே 'டைம்ஸ்' பத்திரிகையில் அது இடம்பெற்றது. விரைவிலேயே பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்ய மொழிகளிலும் புகுந்தது.

ஐந்நூறு பவுன் விளைச்சல், பத்தாயிரம் பவுன் காவல்

பாய்காட்டின் விளைச்சலைக் காப்பாற்ற ஒரு ஏற்பாடு நடந்தது. வடக்கே அல்ஸ்டர் பகுதியிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள். இப்படி வருகிறவர்களை ஆங்கிலத் தொழிலாளர் 'பிளாக்லெக்' என்பார்கள். தமிழ்த் தொழிலாளர் 'கருங்காலி' என்பார்கள். அந்த 50 பேரைக் காக்க ஏறக்குறைய 1,000 படைவீரர்களும் போலீசாரும் வந்து கூடாரம் போட்டார்கள். நவம்பர் மாதத்து மழை, குளிர், சேறு! பண்ணையின் புல்வெளியெல்லாம் குதிரைக் குளம்பில் சகதியாயிற்று.

பாதிரியார் ஓமாலி ஊராரை வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று கட்டுப்படுத்தி வைத்திருந்தார். ஒரு கல் விழுந்தாலும் சுடுவதற்குக் காரணம் கிடைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு கல்லும் விழவில்லை.

இரண்டு வாரத்தில் அறுவடை முடிந்தது. கணக்குப் பார்த்தார்கள். விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுன். அதைக் காக்க ஆன செலவு சுமார் 10,000 பவுன் என்று சொல்லப்பட்டது! நம் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமாகவே கொடுக்கலாம்: ஒரு பவுன் கிழங்குக்கு எத்தனை பவுன் காவல்?

பாய்காட் குடும்பம் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது வண்டி ஓட்ட உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. படையின் ஆம்புலன்ஸ் வண்டியில் ஏறிப் போனார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி அவர் அயர்லாந்தை விட்டே கப்பலேறினார். அடுத்த ஆண்டு, 1881-இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புதிய நிலச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நியாயக் குத்தகையை நிர்ணயிக்க நீதிமன்றம் ஏற்பட்டது. 1903-இல் வந்த இன்னொரு சட்டம் குடிகள் அரசாங்கக் கடன் பெற்று நிலத்தைச் சொந்தமாக வாங்கப் பெரிய வாசலைத் திறந்தது. பாய்காட் பிறகு ஒரு தடவை லாக் மாஸ்க்குக்குத் திரும்பினார். பழைய பகை குறைந்திருந்தது. 1897-இல் இங்கிலாந்தில் காலமானார். மனிதர் போனார், பெயர் மட்டும் போகவில்லை.

சொல் நம்மிடம் வந்த வழி

1905-இல் வங்காளத்தைப் பிரித்தபோது ஆகஸ்ட் 7-ஆம் தேதி கல்கத்தாவில் கூடிய மக்கள் அந்நியத் துணியைப் பாய்காட் செய்வது என்று தீர்மானித்தார்கள். அந்த அலை தமிழ்நாட்டையும் தொட்டது. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது தொழிலாளருக்கு எதிராக நின்றவர்களுக்கு நாவிதர்கள் சவரம் செய்ய மறுத்த கதை இன்றும் பேசப்படுகிறது. லாக் மாஸ்க் கொல்லரும் தூத்துக்குடி நாவிதரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆனாலும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்!

நம் மண்ணுக்கு வருவோம். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச்.நாதன் முதலானவர்கள் முன்னின்றார்கள். தொழிலாளரின் கோரிக்கைகளில் சிலவற்றைக் கேளுங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். கள்ளுக் கடையை மூட வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடக்கக் கூடாது. துரைமார், கிராணிமார் முன்னிலையில் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும். குறை சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது.

சைக்கிளைப் பற்றிய வரியை மாணவர்கள் இரண்டு தரம் படிக்க வேண்டும். எங்கள் பாட்டி சொல்வார்: அவருடைய தகப்பனார் மிச்சம் பிடித்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினாராம். எதிரே கார் சத்தம் கேட்டால் இறங்கி ஓரமாக நிற்பாராம். "கூலி கொறைஞ்சா வயிறுதான்டா காயும், எறங்கி நிக்கறப்ப மனசு காஞ்சு போகும்" என்று அவர் சொன்னதைப் பாட்டி எனக்குச் சொன்னார். ரிசென்ட்மென்ட் என்ற சொல்லுக்கு எந்த அகராதியிலும் நான் இவ்வளவு நல்ல விளக்கத்தைப் பார்த்ததில்லை. அந்த வேலைநிறுத்தம் படைபலத்தால் அடக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆனால் அந்தப் பட்டியல் நிலைத்துவிட்டது. மனத்துக்குள் காய்ந்து கிடந்தது எழுத்தில் வந்துவிட்டதல்லவா!

இரு பக்கமும் கூரான கத்தி

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒதுக்கி வைப்பது என்பது அயர்லாந்துக்காரன் கண்டுபிடித்ததல்ல. நம் ஊர்களில் ஊர்விலக்கு என்று இருந்தது. தண்ணீர் எடுக்கக் கூடாது, நெருப்புக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போடுவார்கள். அதை யார் யார்மேல் போட்டார்கள்? பெரும்பாலும் பலமுள்ளவன் பலமில்லாதவன்மேல் போட்டான். மேயோ குடியானவர்கள் அதைத் தலைகீழாக்கி, பலமில்லாதவர்கள் சேர்ந்து பலமுள்ளவன்மேல் பிரயோகித்தார்கள். பெருமை அதில்தான் இருக்கிறது.

அயர்லாந்திலேயே பின்னர் இந்த ஆயுதம் ஏழைக் குடும்பங்கள்மேலும் பாய்ந்தது உண்டு. சொந்தப் பகைக்கும் அது பயன்பட்டது. ஆகவே, பிள்ளைகளே! ஒரு மாணவனோடு வகுப்பே சேர்ந்துகொண்டு பேசாமல் இருப்பது பாய்காட் அல்ல. அது ஒரு பிள்ளையைத் தனியாக அழவிடுவது. அதில் வீரம் எதுவும் இல்லை. எதிரில் இருப்பவன் நம்மைவிடப் பலசாலியா, நம் கோரிக்கை நியாயமா, அதை அவனிடம் முதலில் சொன்னோமா என்ற மூன்று கேள்விக்கும் ஆம் என்று பதில் சொன்ன பிறகே இந்தக் கத்தியைத் தொட வேண்டும்.

மாணவனுக்குச் சொன்ன விடை

இனி அந்த மாணவன் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளித் தோட்டத்துக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் ஊற்றியவன் அவன். பள்ளி விடுமுறையிலும் லயத்திலிருந்து நடந்து வந்து ஊற்றினான். சேவைக்கான பரிசுப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டபோது அதில் அவன் பெயர் இல்லை. அவனுக்கு ஒரு வாரம் மட்டும் உதவிய இன்னொரு மாணவனின் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான். வேலையை யார் செய்தது என்று விசாரிக்காமல், யார் பெயர் காதில் விழுந்ததோ அதை எழுதிவிட்டேன். அவன் அதற்காகத்தான் எரிந்து கொண்டிருந்தான். அவனுடைய அநியாயத்துக்கு ஆங்கில வார்த்தையை அந்த அநியாயத்தைச் செய்தவனிடமே கேட்டிருக்கிறான்!

மறுநாள் அவனைக் கூப்பிட்டுப் பாய்காட் கதையைச் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டான். "அப்ப நானும் தண்ணி ஊத்தாம விட்டுடவா சார்?" என்றான். "அதுக்கு முன்னாடி ஒண்ணு செய். மேயோ ஆளுங்க முதல்ல என்ன செஞ்சாங்க? நூத்துக்கு இருபத்தஞ்சு குறைங்கன்னு கணக்காக் கேட்டாங்க இல்லையா? நீயும் என்ன நடந்துச்சு, உனக்கு என்ன வேணும்னு எழுதிக் குடு" என்றேன். தமிழில் மூன்று வரியும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதிக் கொடுத்தான். ஆங்கில வரியில் மூன்று எழுத்துப் பிழை இருந்தது. நியாயத்தில் ஒரு பிழையும் இல்லை. பட்டியலைத் திருத்தினேன். வகுப்பின் முன்னால் என் தவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

இன்று இந்த மேடையில் சிலர் பரிசு வாங்குவீர்கள். வாங்காத சிலர் மனம் புழுங்கி வீட்டுக்குப் போவீர்கள். அந்தப் புழுக்கத்தில் சில வேளை வெறும் ஆசை இருக்கும். சில வேளை உண்மையான நியாயம் இருக்கும். பெற்றோர்களே, பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால் "வாயை மூடு, பெரியவங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்று அடக்கிவிடாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். என்ன நடந்தது, எது அநியாயம், என்ன வேண்டும் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லப் பழகட்டும். சொல்லாத குமுறல் வயிற்றில் எரியும், இல்லையென்றால் கையில் கல்லாக வரும். சொல்லத் தெரிந்தவனுக்குக் கல் தேவைப்படாது.

லாக் மாஸ்க் ஏரிக்கரையில் எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள் உலகத்துக்கு ஒரு சொல்லைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் உள்ள நம் பிள்ளைகள் தங்கள் குறையைச் சொல்ல ஒரு நல்ல வாக்கியமாவது எழுதக் கற்க வேண்டாமா? அதற்காகத்தான் இந்தப் பள்ளி. அதற்காகத்தான் இந்த மலர்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!